முன்கட்டைக்கு அடியில் ஒரு பெயர்

"அந்தக் கட்டையக் கழத்திப் பாருங்க சாமி. உள்ள எம் புருசன் பேரு இருக்கும்."

ராமுத்தாய் சொன்னதைக் கேட்டு ஸ்டேஷனில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து அவள் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். என் புருஷன் திருடவில்லை, துரை தன் கையால் கொடுத்தார், நானும் பக்கத்தில்தான் நின்றேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் அவள் குரலே கம்மிப்போயிருந்தது. மேசைமேல் அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒரு பழைய துண்டின் மேல் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் எஸ்.ஐ.; இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் பவுல்ராஜ்.

பவுல்ராஜைக் கூட்டி வந்தது கம்பெனி. சித்திரபுரத்துக்கு மேலே இருக்கும் மேட்டுச்சோலை எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன சாமான்களுக்கெல்லாம் விலை போடச் சொல்லியிருந்தார்கள். பங்களாவின் சாமான் அறையில், மான் கொம்புகளுக்கு அடியில், அவர் ஒரு தோல் பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே சிவப்புத் துணி விரித்து இரண்டு துப்பாக்கிகளுக்கு அச்சாக இடம் செய்திருந்தது. இரண்டு இடமும் காலி. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த லண்டன் கம்பெனியின் பெயரைப் படித்ததும் பவுல்ராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று பங்களா வேலைக்காரர்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

அது ஜோடித் துப்பாக்கி. ஆர்டர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவரின் தோள், கழுத்து, கை நீளம் எல்லாம் அளவெடுத்து, சட்டை தைப்பதுபோலக் கட்டையைச் செதுக்குவார்கள். பக்கத் தகட்டில் பூவும் கொடியும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவுக்கு நுணுக்கமாக வெட்டுவார்கள். இறக்குமதியை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டதால் இந்தத் தேசத்துக்குள் இருப்பதுதான் சரக்கு. ஒற்றையாக இருந்தாலே ஒரு வீட்டு விலை போகும். இரண்டும் சேர்ந்தால் நாலு வீட்டு விலை என்று பவுல்ராஜ் சொன்னார்.

அந்த ஒற்றைப் பேச்சுதான் ராமுத்தாயின் புருஷன் சுடலையைப் பிடித்துக் கொடுத்தது. ஏழு வருஷமாக அவன் அந்தத் துப்பாக்கியோடுதான் தேயிலைக் காட்டுக்குள் காவல் சுற்றினான். அதை வைத்துப் பன்றி விரட்டினான். யானை வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டான். லயத்துக் குடியிருப்பில் அடுப்புக்கு மேலே ஆணியில் அது தொங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. விலை தெரிந்த மறுநாளே கேள்வி வந்துவிட்டது. இவ்வளவு விலையுள்ள பொருளை ஒரு காவல்காரனுக்கு எந்தத் துரை சும்மா கொடுப்பான்? பங்களாவில் இருந்ததெல்லாம் கம்பெனி சொத்து என்றார்கள். லைசென்ஸ் அவன் பெயரில்தான் இருந்தது. காவலுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் லைசென்ஸ், துப்பாக்கி அவனுடையது என்பதற்கு அது சாட்சி இல்லை என்றார்கள். கொடுத்த லாங்டன் துரையைக் கேட்கலாம் என்றால், அவர் ஊர் போய்ச் சேர்ந்த மறு வருஷமே இறந்துபோயிருந்தார்.

"உள்ள பேரு வெட்டியிருக்குன்னா சொல்ற?" என்றார் பவுல்ராஜ். அவர் முகம் சுருங்கியது. "இந்தத் துப்பாக்கியிலயா?"

"ஆமாய்யா. ஆயுத பூசை அன்னிக்குத் துரை குடுத்தாரு. எங்க சனத்துல சீரு வந்த பாத்திரம்னா பேரு வெட்டாம வைக்க மாட்டோம். பசார்ல பேரு வெட்டுற பெரியமுத்து வந்து உளிய எடுக்கவும் துரை பதறிப்போயி, வெளிய வெட்டாத, கட்டைக்கு அடியில வெட்டுன்னு சொல்லிட்டாரு."

பவுல்ராஜ் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தலையசைத்தார். குழல்களுக்கு அடியில் இடது கை தாங்குகிற இடத்தில் இருக்கும் முன்கட்டையின் சிறு தாழ்ப்பாளை பவுல்ராஜ் கட்டைவிரலால் இழுத்தார். கட்டை கையோடு வந்தது. வழவழவென்ற கறுத்த இரும்பில், பித்தளைக் குடத்துக் கழுத்தில் இருப்பதுபோலவே, புள்ளி புள்ளியாக எழுத்து இருந்தது. புள்ளிகளுக்குள் பழைய சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் ராமுத்தாய். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தைப் பார்த்ததுமே கண் நிறைந்துவிட்டது.

பவுல்ராஜ் துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார். மெதுவாகப் படித்தார். "சென்னிமலை."

எஸ்.ஐ. வாய்விட்டுச் சிரித்தார். "நின்டெ பர்த்தாவு பேரு சுடலையோ, சென்னிமலையோ? ஆரா இந்தச் சென்னிமல? இவன்ட கையில இருந்தும் மோஷ்டிச்சதாணோ?"

அவர் மலையாளத்தில் கேட்டதில் பாதிதான் அவளுக்கு விளங்கியது. மோஷ்டிச்சது என்றால் திருடியது என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பவுல்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. குழலின் மேல் தங்கத்தில் பதித்திருந்த எண்ணையும், துப்பாக்கியைத் திறக்கும் கைப்பிடியில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பிடியில் ஒன்று. குழலில் இரண்டு. "ஒண்ணு... ரெண்டு..." என்று தனக்குள் முணுமுணுத்தபடி முன்கட்டையை மாட்டினார். ராமுத்தாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தில் ஓடியது என்ன கணக்கு என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

சப் ஜெயிலில் சுடலையைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்தான். மழைக்காலம் முழுக்க இருந்த இருமல் இப்போது நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினான். இப்படியே விட்டால் வழக்கு முடிகிறபோது வெளியே வருவதற்கு ஆள் இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவள் தனக்குள்ளேகூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

"சென்னிமலைன்னு இருக்காம்" என்றாள். "அது யாரு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருமி முடித்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தான். "ஏட்டி, அது அரிசிக் கவுண்டரு பேருல்லா."

அரிசிக் கவுண்டரை அவளுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட் ரேஷனுக்கு லாரியில் அரிசி ஏற்றி வருவார். லாங்டன் துரை காடை, வாத்து சுட மலையிறங்கிப் போனால் அவர் வீட்டில்தான் தங்குவார். ஆயுத பூஜை அன்று அவரும் பங்களாவில் இருந்தார். இரண்டு துப்பாக்கியையும் பாகம் பாகமாகக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரே வாழையிலையில் பரப்பிப் பொட்டு வைத்தது சுடலைதான். பூஜை முடிந்ததும் துரை ஒன்றைச் சுடலையிடமும் மற்றதைக் கவுண்டரிடமும் கொடுத்தார். பெரியமுத்து வந்து, இலையில் கிடந்த குழல்களைத் திருப்பிப் போட்டு இரண்டு பெயரையும் வெட்டினான். அதற்குள் பொங்கலுக்கு இலை போட்டுவிட்டார்கள். எல்லோரும் கூப்பிட்டார்கள். சுடலை அவசரமாகப் பூட்டினான்.

"மாத்திப் பூட்டிட்டேன்" என்றான் சுடலை. "அன்னைலருந்து அது இறுக்கமாத்தான இருந்துச்சு, அப்பறம் நான் கழத்தவே இல்ல. பூசை போட்டதும் துப்பாக்கிக்கு ரோசம் வந்துருச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். நாந்தான் கூறுகெட்டவன்."

"ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரு இருக்காமே. அதப் பாக்கலியா?"

"பாத்தேன். மொதல்ல எந்த வெடி, ரெண்டாவது எந்த வெடின்னு வெள்ளக்காரன் எழுதி வச்சிருக்கான்னு நெனச்சேன்."

பிறகு அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பம் அவரு துப்பாக்கில எம் பேரு இருக்கும். நீ போயி அவரக் கூட்டிட்டு வா. வர்ற வெசாலக்கெழமை மறுபடியும் கோர்ட்டு."

உடுமலைப்பேட்டை பஸ்ஸில் மலையிறங்கி, பொள்ளாச்சியில் மாறி, சித்தூர் போகிற வழியில் சுடலை சொன்ன ஊரில் ராமுத்தாய் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மலையிலிருந்து வந்தவளுக்கு அந்த வெயில் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அந்தப் பக்கம் மழை பொய்த்த வருஷம். தென்னை மட்டைகள் தொங்கிக் கிடந்தன. வயலில் கட்டாந்தரை வெடித்திருந்தது. அரிசிக் கவுண்டர் வீடு எது என்று கேட்டதற்கு, கள் இறக்கிக்கொண்டு வந்த ஒருவன், "கவுண்டரு போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சுங்க. பையன் அர்த்தநாரி இருக்காப்டி. அந்தா, கார் நிக்குதே, அதுதான் ஊடு" என்றான்.

கார் நின்றதைப் பார்த்ததுமே அவள் நடையை எட்டிப் போட்டாள். ஸ்டேஷன் வாசலில் நின்ற அதே கார்.

பவுல்ராஜ் அவளுக்கு முன்னால் வந்துவிட்டார். அந்தப் பெயரை ஸ்டேஷனில் படித்தபோதே அவருக்கு ஆள் தெரிந்திருந்தது. பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டா வாங்குவது பெரும்பாலும் அவர் கடையில்தான். முன்வாசலில் கயிற்றுக் கட்டிலின் மேல் துணி விரித்து, மற்றொரு துப்பாக்கியைப் பிரித்து வைத்திருந்தார். பக்கத்தில் தோல் சுருளில் சின்னச் சின்ன ஆயுதங்கள். அவருக்கு எதிரில் நின்ற ஒல்லியான மனிதன் அர்த்தநாரி. கதவு நிலையில் சாய்ந்து அவன் அம்மா பழனாத்தாள் நின்றாள்.

ராமுத்தாய் வாசல் படிக்குக் கீழேயே நின்று கும்பிட்டாள். யார், எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கட்டிலுக்குப் போய்விட்டது. முன்கட்டை கழற்றியிருந்தது. அதே புள்ளி எழுத்து. அதே காய்ந்த சந்தனம்.

"அது எம் புருசன் பேருங்க" என்றாள்.

பவுல்ராஜ் துப்பாக்கியைப் பார்த்தார். அர்த்தநாரி பவுல்ராஜைப் பார்த்தான்.

"உக்காரு புள்ள" என்றாள் பழனாத்தாள். உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்க உள்ள போங்க" என்றான் அர்த்தநாரி. பிறகு ராமுத்தாயிடம் திரும்பி, "எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கறேன். துரை ரெண்டு பேருக்கும் குடுத்தது நெசந்தான். அதுக்கு நான் என்ன பண்றது சொல்லு?"

"கோர்ட்டுக்கு வந்து இந்தக் கட்டையக் கழத்திக் காட்டுனாப் போதுங்கய்யா."

"காட்டுனா? திருப்பிக் குடுப்பானா? இதையும் கேஸ் சாமான், தொண்டின்னு உள்ள வெச்சுப் பூட்டுவான். அப்பறம் எப்ப வருமோ!" அவன் கையை வயல் பக்கம் வீசினான். "பாத்தியா அத? குத்தகைக்கு உட்ட நெலமெல்லாம் சட்டம் வந்து குத்தகக்காரனுக்கே போயிருச்சு. மிச்சம் இருக்கறது இதுதான். கெணத்துல தண்ணியில்ல. இன்னிக்கு இவரு கையில இதக் குடுத்தா நாளைக்குப் போர் போட வண்டி வரும். இந்த வாரம் தண்ணி காட்டலீன்னா தென்னை பூராவும் போச்சு. உன்ற புருசன் கதை பாவந்தான். என்ற கதைய யாரு கேப்பாங்க?"

அவன் பொய் சொல்லவில்லை என்பது ராமுத்தாய்க்குத் தெரிந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பொய்யனாக இருந்தால் கெஞ்சலாம், சபிக்கலாம். காய்ந்த தென்னையைக் காட்டுகிறவனிடம் என்ன சொல்வது?

"பேர என்ன செய்யப் போறீக?" என்று பவுல்ராஜைக் கேட்டாள்.

அவர் சுருளிலிருந்து ஒரு மெல்லிய அரத்தை எடுத்துத் துணியில் துடைத்தார். "இப்படிக் கொத்தி வெச்சிருந்தா வாங்கறவன் தொடமாட்டாம்மா. நாலு இழுப்பு. அப்பறம் கறுப்பு ஏத்திட்டாத் தெரியாது."

ஜெயில் சுவரைப் பிடித்து நடந்த மனுஷன் கண்ணுக்குள் வந்தான். அடுத்து அவள் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. பஸ்ஸில் வரும்போதுகூட அது அவள் மனதில் இல்லை.

"எம் புருசன் துப்பாக்கில இருக்குறது ஒங்கப்பா பேரு. அந்தச் சென்னிமலை யாருன்னு எஸ்.ஐ. கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் இன்னும் சொல்லல. வெசாலக்கெழமை சொல்லுவேன். எம் புருசன் திருடன்னா ஒங்கப்பாவும் திருடந்தான்னு சொல்லுவேன். பெட்டில ரெண்டு எடம் காலியா இருக்குல்ல? ரெண்டாவது யாரு ஊட்ல இருக்குன்னு நாங் காட்டுவேன்."

அர்த்தநாரியின் முகம் வெளுத்தது. சொல்லி முடித்ததும் ராமுத்தாய்க்கே நாக்கு கசந்தது. செத்தவரை, அதுவும் ஒவ்வொரு முறை வரும்போதும் லயத்துப் பிள்ளைகளுக்கு லாரியிலிருந்து பொரி அள்ளிக் கொடுத்த மனிதரை, அவர் வீட்டு வாசலில் நின்றே திருடன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் நினைத்தது நடக்கவில்லை. அவன் பயந்தான், பயந்தவன் அவள் பக்கம் வரவில்லை, எதிர்ப்பக்கம் ஓடினான்.

"பவுல்ராஜண்ணா, அரத்தப் போடுங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. "இப்பவே. பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எடுத்துட்டுப் போயிருங்க. எங்க ஊட்ல துப்பாக்கியே இல்ல. யாரு வந்து கேட்டாலும் இல்ல."

பவுல்ராஜ் குழலை மடியில் வைத்தார். அரத்தின் முனை இரும்பைத் தொட்டது. ராமுத்தாய் எப்படிப் படியேறினாள் என்பது யாருக்கும் தெரியாது. மோர்ச் சொம்பு உருண்டது. அவள் கட்டில் பக்கம் மண்டியிட்டு, எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரல்கள்.

"கைய எடும்மா."

"எடுக்க மாட்டேன். எங் கையோட சேத்து அராவுங்க."

"அட, யாராச்சும் இந்தப் பொம்பளையப் புடிங்கப்பா!" என்று அர்த்தநாரி கத்தினான். பிடிக்க யாரும் வரவில்லை. பழனாத்தாள்தான் நிலையை விட்டு வந்தாள். ராமுத்தாயைத் தொடவில்லை. மகனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அங்க ஸ்டேசன்ல ஒங்கப்பன் பேரு கெடக்குது. இங்க இவன் பேர அழிச்சுப்போட்டா, அங்க கெடக்கற பேருக்கு யாருடா பதில் சொல்றது? செத்தவரு எந்திரிச்சு வந்து சொல்லுவாரா?"

"அம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதுதான். ஒரே எலையில வெச்சுக் குடுத்தாரு துரைன்னு உங்கப்பா வந்து சொன்னது மட்டும் தெரியும். அந்தக் காவக்காரன் வாங்கும்போது அளுதுட்டான்னாரு."

ராமுத்தாய் அப்போதுதான் அழுதாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

இவ்வளவு நேரமும் பவுல்ராஜ் அரத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் இரக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் யோசித்தது வேறு. யாருக்கும் தெரியாமல் வாங்கி, எழுத்தை அராவி, சில வருஷம் உள்ளே வைத்திருந்து விற்கலாம் என்று வந்தவர் அவர். இப்போது இந்தப் பொம்பளைக்குத் தெரியும். வியாழக்கிழமை கோர்ட்டுக்கும் தெரியும். கம்பெனி ஜெயித்தால் இந்தத் துப்பாக்கியும் திருட்டுச் சொத்து. எந்த ஊரில் விற்றாலும் நம்பர் காட்டிக் கொடுத்துவிடும். மாறாக, துரை கொடுத்ததுதான் என்று ஒரு கோர்ட் தீர்ப்பே சொல்லிவிட்டால்? லண்டனில் செய்தது யாருக்கு, இந்தியாவில் கொடுத்தது யாருக்கு, அவர்கள் கையிலிருந்து வந்தது யாருக்கு என்று வழி முழுக்கத் தெரிந்த ஜோடி. அப்படி ஒன்று அவர் தொழிலில் இதுவரை கைக்கு வந்ததில்லை.

அரத்தைச் சுருளுக்குள் செருகினார்.

"அர்த்தநாரி, வழி தெரியாத துப்பாக்கி வெறும் இரும்புதான். அதுக்கு நான் இரும்பு வெலதான் தர முடியும்" என்றார். "கோர்ட்டுக்கு வாங்க. நானும் வர்றேன். போருக்கு வேண்டியத இன்னிக்கே முன்பணமாத் தர்றேன். மிச்சம் கேஸ் முடிஞ்சு."

பிறகு ராமுத்தாயைப் பார்த்தார். "கம்பெனி கூட்டிட்டு வந்த ஆளு நான். அவங்களுக்கு எதிரா நின்னா மலைப் பக்கம் எனக்கு யாவாரமே இருக்காது. சும்மா நிக்க மாட்டேன். உன் புருசன் வெளிய வந்ததும் அந்தத் துப்பாக்கி எனக்கு. நான் சொல்ற வெலைக்கு. சரியா?"

ஆணியில் துப்பாக்கி இல்லாத அடுப்படிச் சுவர் ஒரு கணம் அவளுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் அவன் பெயர் வெட்டிய பொருள் அது ஒன்றுதான். பாத்திரங்களில் எல்லாம் அவள் அப்பன் பெயர்தான் இருந்தது.

"சரிய்யா" என்றாள். கையை எடுத்தாள். உள்ளங்கையில் அந்தப் பெயர் புள்ளி புள்ளியாகத் திருப்பிப் பதிந்திருந்தது.

வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் மேசைமேல் இரண்டு துப்பாக்கியும் வைக்கப்பட்டன. பவுல்ராஜ் குழல்களைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி இடம் மாற்றிப் பூட்டினார். இரண்டும் இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தன. ஒன்றோடு ஒன்று சேர்ந்தது, இரண்டோடு இரண்டு சேர்ந்தது. பிறகு முன்கட்டைகளைக் கழற்றிக் காட்டினார். மாஜிஸ்திரேட் தமிழ் படிக்கத் தெரிந்தவர். இரண்டு பெயரையும் உரக்கப் படித்தார். நகத்தால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி முகர்ந்துகூடப் பார்த்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்து, துரை கொடுத்தது உண்மையாகவே இருந்தாலும் கம்பெனி சொத்தைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை என்றார். பவுல்ராஜ் தோளில் வைக்கும் பின்கட்டையின் அடியில் இருந்த தங்க வில்லையைக் காட்டினார். அதில் லாங்டன் துரையின் முதலெழுத்துகள். கட்டை வலப்பக்கம் லேசாக வளைந்திருப்பதையும், சாதாரணக் கட்டையைவிட நீளமாக இருப்பதையும் காட்டினார்.

"இது ஒரு ஆளோட தோளுக்கு அளவெடுத்துச் செஞ்சதுங்க. கம்பெனிக்கு ஏதுங்க தோளு?" என்றார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அர்த்தநாரி தன் அப்பா சொன்னதைச் சொன்னான். சொல்லும்போது ராமுத்தாய் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

சுடலையை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். துப்பாக்கி கைக்கு வர மேலும் நாள் ஆனது. அதற்குள் அவனுக்குக் காவல் வேலை போயிருந்தது. ராமுத்தாய் பெயரில் கொழுந்து வேலை இருந்ததால் லயத்து வீடு மிஞ்சியது. பகலெல்லாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். பவுல்ராஜுக்கு வாக்குக் கொடுத்ததை அவள் சொல்லத் தொடங்கியபோதெல்லாம் அவனுக்கு இருமல் வந்தது. கடைசியில் துப்பாக்கியை வாங்கக் கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தெரியும்டி" என்றான். "அந்த மனுசன் எதுக்குக் கோயம்புத்தூர்லருந்து மலையேறி வந்து எனக்காகப் பேசுறாரு? அப்பமே தெரிஞ்சு போச்சு."

கையெழுத்தெல்லாம் முடிந்து வராந்தாவில் பவுல்ராஜ் துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினார்.

"ஒரு நிமிசம்" என்றான் சுடலை.

துப்பாக்கியைத் திறந்து மூடினான். முன்போல இறுக்கமில்லை, விரல் பட்டதுமே திறந்தது. தோளில் வைத்து எதிரே மலையைப் பார்த்துக் குறிவைத்தான். குழலின் முனை மலைக்கும் வானத்துக்குமாக ஆடியது. இறக்கினான்.

"ரோசம் போயிருச்சு" என்றான்.

முன்கட்டையைத் தானே கழற்றினான். குழலைத் திருப்பி அந்த எழுத்தைப் பார்த்தான். பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெட்டிய அன்று அவன் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்; பூட்டிய அவசரத்தில் எழுத்தைக் கவனிக்கவில்லை.

"இத அராவிருவீகளா?"

"இல்லப்பா" என்றார் பவுல்ராஜ். "இனிமே அந்தப் பேருக்கும் சேத்துத்தான் வெல."

சுடலை கட்டையை மாட்டினான். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்து பெயர் மறைந்தது. பவுல்ராஜ் காருக்குள்ளிருந்த நீளப் பெட்டியைத் திறந்தார். சென்னிமலையின் துப்பாக்கி ஏற்கெனவே அதில் இருந்தது. பக்கத்துக் காலி இடத்தில் இதை வைத்து மூடினார்.

கார் வளைவில் திரும்புகிற வரை சுடலை நின்றான். பிறகு ராமுத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டான்:

"வாங்குறவன் தமிழ் படிப்பானா?"

"யாருக்குத் தெரியும்" என்றாள். "நட, பஸ் வந்துரும்."